ஏட்டறிவும் ஆட்சி முடிவும்
கேரல் வைஸ் அம்மையார் ஆராய்ந்து கண்டவை

'ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது' என்பது பழமொழி. நூலிலே கற்றதை வாழ்க்கையிலே பயன்படுத்தத் தெரியாதவரைக் குறித்து முன்னோர் சொன்ன சொல் அது. அச்சொல்லைச் சற்றே திருப்பி வைத்துப் பார்த்தால் வேறொரு வினா பிறக்கின்றது. அறிஞர்கள் ஆண்டுக்கணக்கில் உழைத்து ஓர் உண்மையைக் காண்கின்றனர். அதனை அறிக்கையாக எழுதி, முடிவு செய்யும் பொறுப்பில் இருப்போரிடம் ஒப்படைக்கின்றனர். அதன்பின் அவ்வறிக்கை என்ன ஆகின்றது? அதனைப் படித்து, அதன்படி நடப்பவர் உளரா? அன்றி, அலமாரியில் உறங்கிக் கரையானுக்கு இரையாவதே அதன் முடிவா?

இவ்வினாவைப் பலர் கேட்டதுண்டு. கேட்டுவிட்டு, 'யார் சொல்லி யார் கேட்கிறார்கள்!' என்று பெருமூச்செறிந்து அமைந்தவரே பெரும்பாலார். பெருமூச்சோடு நின்றுவிடாமல், அந்த வினாவையே ஓர் ஆராய்ச்சிப் பொருளாக்கி, ஏறக்குறைய நாற்பது ஆண்டுக் காலம் முறையாக ஆய்ந்தவர் அமெரிக்க நாட்டுச் சமூகவியல் அறிஞர் கேரல் வைஸ் அம்மையார். 2013ஆம் ஆண்டில் மறைந்த இவ்வம்மையாரின் கருத்துகள் அறிக்கை எழுதுவோர்க்கும் அதனைப் பெறுவோர்க்கும், சிறப்பாகப் பள்ளி ஆசிரியர்க்கும், பயன் தரத்தக்கவை.

முதற்பணியும் முதல் ஏமாற்றமும்

வைஸ் அம்மையார் கார்னெல் பல்கலைக்கழகத்தில் அரசியல் பயின்று 1947இல் பட்டம் பெற்றார். 1949இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் முதுகலைப் பட்டம் பெற்றார். 1960ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் நியூயார்க் நகரத்தின் ஹார்லம் பகுதியில் இளைஞர் முன்னேற்றத்துக்கான திட்டமொன்று நடைபெற்று வந்தது. ஹார்லம், கறுப்பின மக்கள் மிகுதியாக வாழ்ந்த பகுதி. வறுமையும் வேலையின்மையும் அங்கே மிகுந்திருந்தன. அத்திட்டத்தால் விளைந்த நன்மை எவ்வளவு என்று அளந்து கூறும் பணி அம்மையாரிடம் வந்தது. அரிதின் முயன்று விவரம் திரட்டி, விரிவான அறிக்கை எழுதி, வாஷிங்டனில் உள்ள அரசாங்க அலுவலகத்துக்கு அனுப்பினார். அதனைப் பொருட்படுத்தியவராக எவரும் தோன்றவில்லை.

உழைப்பு வீணாயிற்றே என்று வருந்துவது எவர்க்கும் இயல்பு. அம்மையாரோ அவ்வருத்தத்திலிருந்து ஒரு வினாவை எடுத்துக் கொண்டார். ஆராய்ச்சியின் முடிவு எப்போது பயன்படுகின்றது, எப்போது பயன்படாது போகின்றது, அதற்குக் காரணம் யாது? 1966இல் அமெரிக்கச் சமூகவியலார் கூட்டத்தில் இப்பொருள் பற்றிக் கட்டுரை படித்தார். 1972இல் திட்டங்களை மதிப்பாய்வு செய்யும் முறை பற்றி அவர் எழுதிய நூல் அத்துறை மாணவர்க்குப் பாட நூலாயிற்று. இவ்வளவுக்கும் அப்போது அவர் முனைவர் பட்டம் பெற்றிருக்கவில்லை. குடும்பப் பொறுப்பையும் ஆய்வுப் பணியையும் ஒருங்கே தாங்கி, 1977இலேதான் கொலம்பியாவில் அப்பட்டம் பெற்றார். மறு ஆண்டே ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் கல்வியியல் பள்ளியில் பணியேற்று, வாழ்நாளின் எஞ்சிய பகுதியை அங்கேயே கழித்தார்.

அளவுகோலும் அரசியலும்

மதிப்பாய்வாளர் தம்மை ஓர் அளவுகோலாகவே கருதிக் கொள்கின்றனர். துணியை அளப்பவன் இத்தனை கெசம் என்று சொல்லிவிட்டுப் போவது போல, திட்டத்தை அளந்து பயனுண்டு, பயனில்லை என்று சொல்லிவிட்டால் கடமை முடிந்தது என்பது அவர்கள் எண்ணம். 1973இல் எழுதிய கட்டுரையொன்றில் அம்மையார் இவ்வெண்ணத்தை மறுத்தார். அரசாங்கத் திட்டம் என்பது ஆய்வுக்கூடத்தில் பிறப்பதன்று. பேரம், வாக்குறுதி, இணக்கம் ஆகியவற்றின் நடுவே அரசியலில் பிறப்பது. அதற்கு ஆதரவாளரும் எதிர்ப்பாளரும் உண்டு. அதனால் பிழைப்போரும் உண்டு. ஆதலின் அதனைப் பற்றிய அறிக்கையும், எழுதியவர் விரும்பினும் விரும்பாவிடினும், அரசியல் களத்திலேதான் போய் விழுகின்றது.

இதற்கு ஏற்றதோர் எடுத்துக்காட்டு, ஏழைப் பிள்ளைகள் பள்ளிக்கு வருமுன் அவர்களைக் கல்விக்கு ஆயத்தப்படுத்தும் பொருட்டு 1965இல் அமெரிக்க அரசாங்கம் தொடங்கிய 'ஹெட் ஸ்டார்ட்' என்னும் திட்டம். 1969இல் வெளிவந்த பெரியதொரு மதிப்பாய்வு, கோடைக்கால வகுப்புகளால் நிலையான பயன் விளையவில்லை என்றும், ஓராண்டு வகுப்புகளால் விளைந்த பயன் சிறிதே என்றும் கூறியது. ஆய்வு முறை சரியன்று என அறிஞர் சிலர் மறுத்தனர். எவ்வாறாயினும் திட்டம் கைவிடப்படவில்லை. இன்றும் நடந்து வருகின்றது. பிள்ளைகளுக்கு அங்கே உணவு கிடைத்தது. மருத்துவர் கவனிப்புக் கிடைத்தது. தாய்மார்க்குப் பள்ளியோடு உறவு ஏற்பட்டது. தேர்வு எண்கள் அளந்தது ஒன்று. மக்கள் மதித்தது வேறொன்று. இதனை உணராத மதிப்பாய்வாளர், தம் சொல் ஏன் ஏறவில்லை என்று திகைத்து நிற்க வேண்டியதுதான்.

நூற்றைம்பத்தைவர் கூறிய விடை

அடுத்து அம்மையார், முடிவு செய்வோரையே நேரிற் கண்டு கேட்பது என்று துணிந்தார். மனநலத் துறையில் உயர் பதவி வகித்த 155 பேரைத் தேர்ந்து, உண்மையாகவே நடைபெற்ற 50 ஆராய்ச்சிகளின் சுருக்கங்களை அவர்களுக்குப் பகிர்ந்தளித்து, இவற்றுள் எவை உங்கள் பணிக்கு உதவும், ஏன் உதவும் என்று வினவினார். மைக்கேல் புகுவலாஸ் என்பாருடன் சேர்ந்து அவர் எழுதி, 1980இல் வெளிவந்த நூல் அந்த ஆய்வைப் பற்றியது.

அவர்கள் கூறிய விடைகளிலிருந்து, அலுவலர்கள் ஓர் ஆராய்ச்சியை இருவகையாகச் சோதிக்கின்றனர் என்று அம்மையார் கண்டார். ஒன்று மெய்ம்மைச் சோதனை: இஃது ஒழுங்கான முறையில் செய்யப்பட்டதா? நாம் பட்டறிந்ததற்கு ஒத்து வருகின்றதா? மற்றொன்று பயன் சோதனை: இதைக் கொண்டு நாளை ஏதேனும் செய்ய முடியுமா? அன்றி, நடப்பிலுள்ள முறையையே வேறு கண்கொண்டு பார்க்க இஃது உதவுமா?

இறுதியிற் கூறியதுதான் பலரும் எதிர்பாராதது. தம் இலாகாவின் வழக்கத்தைக் குறை கூறும் ஆராய்ச்சியை அலுவலர் வெறுத்து ஒதுக்குவர் என்பதே பொது நம்பிக்கை. அந்த அலுவலர்களோ, அத்தகைய ஆராய்ச்சியும் தமக்கு உதவும் என்று கூறினர். உடனே அதன்படி நடக்க இயலாவிடினும், சிந்திக்க உதவுகின்றது என்றனர்.

மற்றொன்றும் அம்மையார் குறித்துள்ளார். ஆராய்ச்சியைப் பயன்படுத்துகிறீர்களா என்று கேட்டபோது, ஆம் என்றவர் பலர். எந்த ஆராய்ச்சியை எந்த முடிவுக்குப் பயன்படுத்தினீர்கள் என்று மேலும் கேட்டபோது, குறித்துச் சொல்ல முடிந்தவர் சிலரே. அவர்கள் பொய் சொல்லவில்லை. பல இடங்களிற் படித்ததும் கேட்டதும் அவர்கள் மனத்திற் கலந்து, மூலம் மறந்து, சொந்த அறிவாகவே ஆகிவிட்டிருந்தன.

ஊறிப் பரவும் அறிவு

ஆராய்ச்சி பயன்படுதல் என்னும் சொல்லுக்கே பல பொருள் உண்டு என்று 1979இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் அம்மையார் விளக்கினார். அவர் ஏழு பொருள் கூறினார். புதிதாகக் கண்ட உண்மை தானே தன் பயனைத் தேடிக் கொள்வது ஒன்று. சிக்கல் எழுந்தபின் அதற்கு விடை தேடி ஆராய்ச்சியை நாடுவது இரண்டாவது. அலுவலரும் அறிஞரும் செய்தியாளரும் பிறரும் தாம் தாம் அறிந்ததைக் கலந்து பேச, ஆராய்ச்சியும் அவற்றுள் ஒன்றாய் நிற்பது மூன்றாவது. முன்பே கொண்ட முடிவுக்குச் சான்றாக அதனை எடுத்துக் காட்டுவது நான்காவது. 'ஆராய்ந்து கொண்டிருக்கிறோம்' என்று கூறிக் காலந் தாழ்த்தவும் பழியைத் தள்ளவும் அதனைக் கருவியாக்குவது ஐந்தாவது. தெளிவூட்டல் என்பது ஆறாவது. சமுதாயத்தின் பொதுச் சிந்தனையிலே ஆராய்ச்சியும் ஓர் உறுப்பாய் இயங்குவது ஏழாவது.

இவற்றுள் முதலிரண்டையே பலரும் பயன் என்று கருதுகின்றனர். ஆனால் அவை அருகியே நிகழ்கின்றன என்று அம்மையார் கூறினார். நான்காவதை அவர் முற்றாக இகழவும் இல்லை. சான்றைத் திரிக்காமலும் மறைக்காமலும் எடுத்துக் காட்டினால், வழக்காடும் இருதரப்பாரும் ஆராய்ச்சியைத் துணைக்கொள்வது குற்றமன்று என்பது அவர் கருத்து.

அவர் சிறப்பாக வற்புறுத்தியது ஆறாவதாகிய தெளிவூட்டலையே. ஒரு தனி அறிக்கை ஒரு தனி முடிவை மாற்றுவது அரிது. பல ஆராய்ச்சிகளின் கருத்துகள் வகுப்பறை, இதழ், கூட்டம், நண்பர் உரையாடல் எனப் பல வழியாகக் கசிந்து, மழைநீர் மண்ணில் ஊறுவது போல ஊறி, மக்கள் ஒரு பொருளைப் பார்க்கும் பார்வையையே மாற்றிவிடுகின்றன. நேற்றுவரை சிக்கல் என்று எவரும் கருதாத ஒன்று இன்று சிக்கலாகத் தோன்றுகின்றது. நேற்றுவரை ஒரே வழி என்று எண்ணியது இன்று பல வழிகளுள் ஒன்றாகத் தோன்றுகின்றது. விடையைக் காட்டிலும் வினாவை மாற்றுவதே ஆராய்ச்சியின் பெரும்பயன் என்பது இதன் சாரம்.

முடிவு செய்தவர் யார்?

ஆராய்ச்சியின் பங்கு கண்ணுக்குப் புலப்படாமைக்கு மற்றொரு காரணத்தையும் 1980இல் அம்மையார் எடுத்துக் காட்டினார். ஒரு நாளில், ஓர் அறையில், ஒருவர் அமர்ந்து, சான்றுகளைச் சீர்தூக்கி முடிவு செய்கிறார் என்பது நாம் கற்பனை செய்து கொள்ளும் காட்சி. பெரிய அமைப்புகளில் முடிவுகள் அவ்வாறு பிறப்பதில்லை. சிறு சிறு செயல்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து, ஒரு நாள் திரும்பிப் பார்க்கையில் முடிவாக நிற்கின்றன.

ஒரு தொடக்கப் பள்ளியை எண்ணிக் கொள்க. ஓராண்டு முதல் வகுப்பில் பிள்ளைகள் மிகுந்துவிடுகின்றனர். இடம் போதாமையால் வகுப்பை இரண்டாகப் பிரிக்கின்றனர். பாலர் பள்ளிக்குச் சென்று வந்தவரை ஒரு பிரிவிலும் மற்றவரை மற்றொரு பிரிவிலும் வைத்தால் கற்பிப்பது எளிது என்று ஓர் ஆசிரியை சொல்கின்றார். அடுத்த ஆண்டு, பெயர்ப் பதிவேடு எழுதுபவர் அதே வரிசையைப் படியெடுக்கின்றார். மூன்றாம் ஆண்டு, புதிதாக வந்த இளம் ஆசிரியருக்கு இரண்டாம் பிரிவைக் கொடுக்கின்றனர். ஆறாண்டு கழிந்து பார்த்தால், கெட்டிக்காரப் பிள்ளைகள் வகுப்பு என்றும் மந்தமான பிள்ளைகள் வகுப்பு என்றும் இரண்டு நிலைபெற்றிருக்கின்றன. பிள்ளைகளைத் தரம் பிரிப்பது என்று எந்தக் கூட்டத்திலும் எவரும் முடிவு செய்யவில்லை. ஆயினும் முடிவு ஆகிவிட்டது.

இத்தகைய இடத்தில் தரம் பிரித்தல் பற்றிய ஆராய்ச்சி எங்கே நுழையும்? கூட்டமே நடவாதபோது அறிக்கையை எந்தக் கூட்டத்தில் வைப்பது? பயிற்சிக் கல்லூரியிலே அதனைப் பற்றி அரைகுறையாகக் கேட்ட ஓர் ஆசிரியர், இரண்டாம் ஆண்டுப் பதிவேட்டைக் கண்டு, 'இந்த வரிசை எதற்கு?' என்று கேட்டிருந்தால், அங்கேதான் அது நுழைந்திருக்கும்.

நல்லது ஊறும் வழியில் தீயதும் ஊறும்

தெளிவூட்டல் என்ற சொல் கேட்க இனிதாயினும், அதனை அம்மையார் புகழ்ந்து மட்டும் நிற்கவில்லை. காவலற்ற வாயில் வழியே நல்லவரும் வருவர், கள்வரும் வருவர். கசிந்து பரவும் கருத்துகளுள் மெய்யானவையும் உண்டு. அரைகுறையானவையும், பழையனவாய்க் கழிந்தவையும், செய்தியாளர் மிகைப்படுத்தியவையும் உண்டு. அதனால் தெளிவுக்கு மாறாக இருளே பரவுதலும் கூடும் என்று அந்த 1979ஆம் ஆண்டுக் கட்டுரையிலேயே எச்சரித்தார்.

இவ்வழிகளை அவர் நேரிலும் ஆராய்ந்தார். எலினோர் சிங்கர் என்பாருடன் 1988இல் வெளியிட்ட நூலில், சமூகவியல் ஆய்வுகளைச் செய்தித்தாள்களும் தொலைக்காட்சியும் வெளியிடும் முறையை விளக்கினார். ஆய்வின் உறுதியைக் காட்டிலும் செய்தியின் சுவையே அங்கே தேர்வுக்கு அளவாக இருந்தது. 1989இல் அமெரிக்கச் சட்டமன்றக் குழுக்களைப் பற்றி எழுதியபோது, அங்குள்ளோர் ஆய்வுரைகளைப் பெரும்பாலும் தாம் முன்பே கொண்ட நிலைக்கு ஆதாரமாகவே பயன்படுத்தினர் என்று காட்டினார்.

பள்ளிக்கூடத்திலே

கல்வியியல் பள்ளியிற் பணியாற்றிய அம்மையார் பள்ளிகளையும் ஆராய்ந்தார். 1995இல் வெளிவந்த கட்டுரையொன்று, உயர்நிலைப் பள்ளிகளில் ஆசிரியரும் தலைமையாசிரியரும் சீர்திருத்தத்தை எவ்வாறு எதிர்கொள்கின்றனர் என்பது பற்றியது. ஒருவரின் நிலையை நான்கு ஆற்றல்கள் உருவாக்குகின்றன என்றார்: அவர் கொண்ட கொள்கை, அவருடைய நலன், அவர் பெற்ற செய்தியறிவு, அவர் பணிபுரியும் அமைப்பின் வழக்கமும் விதியும். புதிய செய்தியறிவு தனியே வந்து எதனையும் மாற்றிவிடுவதில்லை. ஏனைய மூன்றோடும் மோதியோ இணங்கியோதான் அது வேலை செய்கின்றது. பயிற்சி வகுப்புக்குச் சென்று புதிய முறையைக் கற்று வந்த ஆசிரியர், பழைய கால அட்டவணையோடும் பழைய தேர்வோடும் போராடுவதைக் கண்டவர்க்கு இது தெற்றென விளங்கும்.

அதே ஆண்டில் அவர் வற்புறுத்திய மற்றொரு கருத்தும் ஆசிரியர்க்கு நேரே உதவுவது. ஒரு திட்டம் பயன் தந்ததா என்று கேட்குமுன், அஃது எவ்வழியாகப் பயன் தரும் என்று எண்ணப்பட்டது எனப் படிப்படியாக எழுதிப் பார்க்க வேண்டும் என்றார். ஆசிரியர் பிள்ளைகளின் வீட்டுக்குச் சென்று பெற்றோரைக் காணும் திட்டத்தை எடுத்துக் கொள்வோம். வீட்டுக்குச் சென்றால் பிள்ளையின் நிலை ஆசிரியர்க்குப் புரியும். புரிந்தால் கற்பிக்கும் முறை மாறும். மாறினால் பிள்ளை ஊக்கம் பெறும். ஊக்கம் பெற்றால் தேர்ச்சி உயரும். தேர்ச்சி உயரவில்லையென்றால், எந்தப் படியில் அறுந்தது என்று தேடிக் காணலாம். 'திட்டம் தோல்வி' என்ற ஒரே சொல்லில் எல்லாவற்றையும் புதைத்துவிட வேண்டியதில்லை.

கட்டளையால் வந்த பயன்

இறுதிக் காலத்தில் அம்மையார் ஆராய்ந்த பொருள், அவர் கருத்துகளுக்கே ஒரு சோதனையாக அமைந்தது. போதைப் பொருளினின்று பிள்ளைகளைக் காக்க, சீருடை அணிந்த போலீஸ்காரர் வகுப்பறைக்கு வந்து பாடம் நடத்தும் 'டேர்' என்னும் திட்டம் 1983இல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் தொடங்கி நாடெங்கும் பரவிற்று. போதைப் பழக்கத்தை அது குறைத்ததாகத் தெரியவில்லை என்று மதிப்பாய்வுகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கூறின. பள்ளிகள் பல அதனை விடவில்லை. பிள்ளைகளுக்கும் போலீஸ்காரருக்கும் நல்லுறவு வளர்கின்றதே என்று ஊரார் மதித்தனர். பின்னர், 1998 முதல், தான் வழங்கும் பணத்தை ஆராய்ச்சியின் ஆதாரம் பெற்ற திட்டங்களுக்கே செலவிட வேண்டும் என்று மத்திய அரசாங்கத்தின் கல்வி இலாகா விதித்தது. ஏற்கத்தக்க திட்டங்களின் பட்டியலும் பிறகு வந்தது. அதில் 'டேர்' இல்லை. பள்ளி மாவட்டங்கள் சில அதனைக் கைவிட்டன.

ஹார்லம் அறிக்கை கேட்பாரற்றுக் கிடந்ததைக் கண்ட ஒருவர்க்கு இது பெருமகிழ்ச்சி தந்திருக்க வேண்டும் அன்றோ? ஆனால் 2005இலும் 2008இலும் தம் மாணாக்கரோடும் துணைவரோடும் எழுதிய கட்டுரைகளில் அம்மையார் மகிழ்ந்து துள்ளவில்லை. அதனை 'விதிக்கப்பட்ட பயன்பாடு' என்று தனியொரு வகையாகப் பெயரிட்டு, அதன் நன்மையையும் குறையையும் நிறுத்துக் காட்டினார். கேளாச் செவியையும் கேட்கச் செய்தது நன்மை. ஆனால் பட்டியலில் இடம் பெற்ற திட்டங்கள் அனைத்தும் உறுதியான சான்று உடையன அல்ல. சிலவற்றை மதித்தவர் அவற்றை உருவாக்கியவரே. பள்ளியில் இருந்தோர் அச்சான்றைத் தாமே படித்துத் தெளிந்து மாறவும் இல்லை. பணம் நிற்கும் என்று கருதி மாறினர். அறிவு வந்து சேர்ந்த இடத்தில் கீழ்ப்படிதலே இருந்தது, அறிதல் இல்லை.

ஆசிரியர் கொள்ளத்தக்கது

கேட்பாரில்லை என்று வாய்மூடி இருப்பது ஒரு வழி. சட்டத்தால் கேட்கச் செய்வது மற்றொரு வழி. இவ்விரண்டுக்கும் இடையே, மெல்ல ஊறும் வழியையே வைஸ் அம்மையார் தம் வாழ்நாள் முழுதும் நமக்குக் காட்டினார். அவ்வழி மெதுவானது, அதில் நடப்பவர்க்குப் பெயரும் கிடைப்பதில்லை. ஆனால் அதில் செல்வோர்க்குக் கடமைகள் உண்டு.

எழுதுவோர் ஒரு முறை சொல்லி விலகாமல், பலமுறை, பல இடத்தில், எளிய சொல்லால் சொல்ல வேண்டும். ஐயமுள்ள இடத்தில் ஐயம் உண்டு என்றும் சொல்ல வேண்டும். அறிக்கை பெறுவோர், தமக்குப் பிடிக்காததையும் எடுத்து வைத்து ஒரு முறையேனும் படிக்க வேண்டும். ஆசிரியர்க்கோ மற்றொரு கடமையும் உண்டு. 'இந்தப் பிள்ளைக்கு இவ்வளவுதான் வரும்' என்றும், 'இப்படித்தான் கற்பிக்க வேண்டும்' என்றும் வகுப்பறையிலே நாள்தோறும் சொல்லும் சொற்கள் எங்கிருந்தோ ஊறி வந்தவை. அவை எந்தக் காலத்தில், யார் சொல்லியவை, இன்னும் மெய்தானா என்று ஆண்டுக்கொரு முறையேனும் எண்ணிப் பார்த்தல் நலம். வகுப்பறையில் அமர்ந்திருக்கும் பிள்ளையால் அவ்வினாவைக் கேட்க இயலாது; அதற்காக ஆசிரியரே கேட்க வேண்டும்.